நாடி தேறிய பிறகு

கென்யா, உகாண்டா, டான்சானியா ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த ஆறு மருத்துவமனைகளில் நடந்துவந்த ஓர் ஆய்வு 2011 ஜனவரியில் முடியும் முன்பே நிறுத்தப்பட்டது. 3,600 குழந்தைகளைச் சேர்ப்பதாகத் திட்டம். 3,141 பேர் சேர்ந்திருந்த நிலையில், தரவுகளைத் தனித்திருந்து கண்காணித்துவந்த குழு ‘இனி ஒருவரையும் சேர்க்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டது. சோதிக்கப்பட்டது புது மருந்தல்ல. உப்புநீர். நம் ஊரில் ‘டிரிப்ஸ் ஏத்துறது’ என்கிறோமே, அதேதான். சொட்டுச் சொட்டாக ஏற்றாமல் ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமாக ஏற்றியது மட்டுமே வேறுபாடு.

ஃபீஸ்ட் என்று பெயரிடப்பட்ட இந்த ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் கேத்ரின் மேய்ட்லண்ட். கென்யக் கடற்கரை ஊரான கிலிஃபியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் குழந்தை மருத்துவர். அந்த ஊர் மருத்துவமனைகளுக்கு வந்து சேரும் பிள்ளைகளின் நிலை நமக்கும் அந்நியமானதல்ல. கொதிக்கும் காய்ச்சல், மயக்கம் அல்லது மூச்சுத்திணறல், சில்லிட்ட கால்கள், கைக்கு அகப்படாத நாடி. நகத்தை அழுத்திவிட்டால் மறுபடி சிவக்க மூன்று நொடிக்கு மேல் ஆகும். உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத இந்த நிலையை மருத்துவர்கள் ‘ஷாக்’ என்பார்கள். இந்த நிலையில் நரம்பு வழியே வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது பணக்கார நாடுகளின் பாடப்புத்தகங்களில் ஐயத்துக்கு இடமில்லாத விதியாக இருந்தது. ஆப்பிரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் அது நடைமுறையில் இல்லை. ஆகவே ஆய்வைத் தொடங்கியவர்களின் எதிர்பார்ப்பு வெளிப்படையானது: திரவம் ஏற்றினால் உயிர்கள் பிழைக்கும், அதை எண்களால் நிறுவிவிட்டால் ஏழை நாடுகளுக்கும் அந்தச் சிகிச்சை போய்ச் சேரும்.

குழந்தைகள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். வரிசை எண் இட்ட, ஒட்டிய உறையைப் பிரித்தால் உள்ளே எந்தப் பிரிவு என்று இருக்கும். மருத்துவரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. ஒரு பிரிவுக்கு உப்புநீர், இன்னொன்றுக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசல், இரண்டுமே வேகமாக. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 முதல் 40 மில்லிலிட்டர், அதாவது பத்துக் கிலோ பிள்ளைக்கு 200 முதல் 400 மில்லி. மூன்றாம் பிரிவுக்கு அந்த வேகத் திரவம் கிடையாது. மெதுவாக ஏறும் வழக்கமான திரவம் மட்டும். மலேரியா மருந்து, ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், தேவைப்பட்டால் ரத்தம் ஆகியவை எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைத்தன.

48 மணி நேரம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, ஆல்புமின் பெற்றவர்களில் 10.6 சதவீதம் பேரும் உப்புநீர் பெற்றவர்களில் 10.5 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். வேகத் திரவம் பெறாதவர்களில் இறந்தவர்கள் 7.3 சதவீதம். நான்கு வாரம் கழித்து எண்ணியபோதும் அந்த இடைவெளி மூடவில்லை. உயிர்காக்கும் என்று நம்பி ஏற்றிய திரவம் நூறு பிள்ளைகளுக்கு மூன்று பேர் வீதம் கூடுதலாகப் பலி வாங்கியிருக்கிறது. மலேரியா இருந்தவர், இல்லாதவர், ரத்தசோகை கடுமையாக இருந்தவர், இல்லாதவர் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் முடிவு ஒரே பக்கமே சாய்ந்தது.

இத்தனை காலம் இது யார் கண்ணிலும் படாமல் போனது எப்படி?

அனுபவத்தை நம்பும் எல்லோருமே இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு வார்டில் ஆண்டுக்கு இப்படி நூறு பிள்ளைகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏழு பேர் இறந்தால் அது ஒரு வருஷம். பத்துப் பேர் இறந்தால் அது இன்னொரு வருஷம். மழை அதிகம், மலேரியா அதிகம், தாமதமாகக் கொண்டுவந்தார்கள் என்று காரணங்கள் கைவசம் இருக்கும், அவற்றில் பலவும் உண்மையாகவே இருக்கும். மூன்று பிள்ளைகளின் வேறுபாட்டைப் பிரித்தறியும் ஆற்றல் எவ்வளவு கூர்மையான மருத்துவரின் நினைவுக்கும் கிடையாது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பிள்ளையிடமும் அவர் கண்ணால் கண்டது. 2013இல் இதே குழு வெளியிட்ட மறுபகுப்பாய்வு அதை எண்ணிக் காட்டியது. முதல் ஒரு மணி நேரத்தில் ஷாக் அறிகுறிகள் நீங்கியவர்கள் வேகத் திரவப் பிரிவில் 43 சதவீதம், மற்றப் பிரிவில் 32 சதவீதம். திரவம் ஏற்றினால் நாடி உண்மையிலேயே தேறியது. கால் உண்மையிலேயே சூடானது. மருத்துவர் பார்த்தது பொய்யல்ல. பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். இறப்பு அதற்குப் பிறகு வந்தது. அப்படி நாடி தேறியவர்களிடையேகூட வேகத் திரவம் பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள். அதுவும், எல்லோரும் அஞ்சியதுபோல நுரையீரலில் நீர் கோத்தோ மூளை வீங்கியோ பெரும்பாலும் இல்லை; இதயமும் ரத்த ஓட்டமும் சரிந்து நின்றுபோவதே கூடுதல் இறப்புகளில் பெரும்பங்கு. ஆக, எந்த ரத்த ஓட்டத்தைச் சீராக்க அந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டதோ அதுவே பின்னர் குலைந்திருக்கிறது. ஏன் என்பது இன்றும் வாதத்துக்குரிய விஷயம்.

மருத்துவமனை ஆய்வுகளில் ‘விளைவு’ எனப்படுவது எது என்பதுதான் இங்கே முதன்மையான தீர்மானம் என்பது என் எண்ணம். எந்தச் சிகிச்சை, எத்தனை பேர், எந்தக் கணித முறை என்பவை எல்லாம் அதற்குப் பின்னரே. ஒரு மணி நேர நாடியை அளவுகோலாக வைத்திருந்தால் ஃபீஸ்ட் பெருவெற்றி என்று அறிவிக்கப்பட்டு, உலகெங்கும் வழிகாட்டி நெறியாகவும் ஆகியிருக்கும். 48 மணி நேர உயிரை அளவுகோலாக வைத்ததால் அது எதிர்ப்பக்கம் போய் நின்றது. ஆய்வில் இருந்த பிள்ளைகள் இரண்டு கணக்கிலும் அதே பிள்ளைகள்தாம்.

இதயநோய் மருத்துவம் இந்தப் பாடத்தை ஃபீஸ்டுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் இசிஜியில் இடையிடையே தப்புத் துடிப்புகள் தெரிந்தால் அவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம். தப்புத் துடிப்பை அடக்கும் மாத்திரை இருக்கிறது. ஆகவே மாத்திரை கொடு. 1980களில் அமெரிக்காவில் இந்தத் தர்க்கம் எண்ணற்ற மருந்துச் சீட்டுகளாக எழுதப்பட்டது. காஸ்ட் என்ற ஆய்வு, மாத்திரை போட்டதும் துடிப்பு சீரானவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்துக் குலுக்கல் போட்டது. அதாவது, மருந்து ‘வேலை செய்கிறது’ என்று இசிஜி சான்று சொன்னவர்களை. ஃபிளெக்கனைடு, என்கனைடு ஆகிய அந்த மருந்துகளைச் சாப்பிட்ட 755 பேரில் சராசரியாகப் பத்து மாதத்தில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். ஆய்வில் அந்த இரு மருந்துகளைச் சோதித்த பகுதி 1989இல் நிறுத்தப்பட்டது. இசிஜி தாள் மட்டும் கடைசிவரை அழகாகவே இருந்தது.

உயிரை எண்ணினால் போதுமா என்றால், அதுவும் எப்போதும் போதாது. 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று இதை இன்னும் சங்கடமான இடத்துக்கு நகர்த்தியது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அட்ரினலின் ஊசி போடுவது பல பத்தாண்டுப் பழக்கம். பாராமெடிக்-2 ஆய்வு 8,014 பேரில் பாதிப் பேருக்கு அட்ரினலினும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் கொடுத்தது. சிரிஞ்சில் எது இருக்கிறது என்பது போடுபவருக்கும் தெரியாது. நின்ற துடிப்பு திரும்பியவர்கள் அட்ரினலின் பிரிவில் 36.3 சதவீதம், மற்றதில் 11.7. சாலையோரத்தில் மண்டியிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் ஊழியருக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதமும் 2.4 சதவீதமும்தான். மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மூளை நலத்துடன் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் 2.2, 1.9, இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். பிழைத்தவர்களில் கடும் மூளைப் பாதிப்போடு பிழைத்தவர்கள் அட்ரினலின் பிரிவில் 31 சதவீதம், மற்றதில் 17.8.

இந்த நான்கு ஜோடி எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே ஊசி மும்மடங்கு வெற்றியாகவும், சிறு வெற்றியாகவும், வெற்றியே இல்லாததாகவும், ஏதோ ஒருவகைக் கொடுமையாகவும் தோன்றுகிறது. இதில் எது உண்மை என்று புள்ளியியலாளர் சொல்ல முடியாது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரைப் பராமரிக்கப்போவது யார், அந்தக் குடும்பத்துக்கு ‘பிழைத்துவிட்டார்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வில் நோயாளியிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கவும் வழியில்லை. பிழைத்த பிறகு அவரிடமோ உறவினரிடமோதான் சொல்ல முடியும். பிரிட்டிஷ் பத்திரிகைகளில் இதற்குக் கண்டனமும் வந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சோதிக்காமலே ஐம்பது ஆண்டுகளாகப் போட்டுவந்தபோதும் யாரும் யாரிடமும் சம்மதம் கேட்டிருக்கவில்லை.

ஃபீஸ்ட் முடிவு வெளியானபோது எழுந்த எதிர்ப்புக்கு வருவோம். அதில் சாரம் இல்லாமல் இல்லை. ‘அந்த ஆறு மருத்துவமனைகளில் ஐ.சி.யூ. இல்லை, வென்டிலேட்டர் இல்லை. திரவம் ஏற்றிவிட்டு அடுத்து வரும் சிக்கலைச் சமாளிக்கும் வசதி இருந்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்’ என்பது முதல் வாதம். ‘சேர்க்கப்பட்டவர்களில் பலருக்கு ஷாக் முற்றிய நிலையில் இல்லை, மலேரியாவும் ரத்தசோகையும் கலந்திருந்தன’ என்பது இரண்டாவது. இரண்டையும் ஒப்புக்கொண்டாலும் கிடைப்பது ஒன்றுதான்: ஒரு சிகிச்சை எங்கே சோதிக்கப்பட்டதோ அங்கே மட்டுமே அது நிரூபணமானது. ஆனால் அதே நியாயப்படி, வசதியுள்ள நாட்டில் எழுதிய விதியை வென்டிலேட்டர் இல்லாத வார்டுக்கு அனுப்பியதும் தவறுதானே? அதை யாரும் முன்பு கேட்கவில்லை.

செப்சிஸ் எனப்படும் கடும் தொற்றுநிலைக்கான விதிகளின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. இமானுவேல் ரிவர்ஸ் என்ற மருத்துவர், டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் 263 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை 2001இல் வெளியிட்டார். முதல் ஆறு மணி நேரத்தில் திரவம், மருந்து, ரத்தம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட இலக்குகளை நோக்கி விடாப்பிடியாகச் செலுத்தியதில் இறப்பு 46.5இலிருந்து 30.5 சதவீதமாகக் குறைந்ததாக அறிவித்தார். அது உலகெங்கும் அவசரப் பிரிவுகளின் வேதமானது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா-நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய இடங்களில் தனித்தனியே நடந்த மூன்று பெரிய ஆய்வுகள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை எண்ணி, அந்த முறையால் கூடுதல் பயன் இல்லை என்றன. அதற்குள் எல்லா இடங்களிலும் சாதாரணச் சிகிச்சையே முன்பைவிட விரைவானதாகவும் நல்லதாகவும் மாறியிருந்தது என்பது ஒரு விளக்கம். ஒப்பீட்டின் கீழ்த்தட்டு உயர்ந்துவிட்டால் மேல்தட்டு தாழ்ந்து தெரியும். ஆனால் ஜாம்பியாவின் லுசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதே போன்றதொரு நெறிமுறையைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வின் முடிவு வெறும் ‘பயனில்லை’ என்பதோடு நிற்கவில்லை. நெறிமுறைப்படி திரவமும் மருந்தும் பெற்றவர்களில் 48.1 சதவீதமும், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 33 சதவீதமும் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், ஐ.சி.யூ. வசதி மிக அரிது. டெட்ராய்ட்டில் பிறந்த விதி லுசாகாவில் ஆள் கொன்றது என்று இதைச் சுருக்கினால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையல்ல.

இதைப் படித்துவிட்டு யாரும் திரவமே ஆபத்து என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. குறிப்பாக டெங்குப் பருவம் தோறும் அவதிப்படும் நம் வாசகர்கள். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய பிள்ளைகளை ஃபீஸ்ட் சேர்க்கவே இல்லை. டெங்கு ஷாக்கில் ரத்தத்தின் நீர்ப்பகுதியே நாளங்களை விட்டுக் கசிந்து வெளியேறிவிடுகிறது. அங்கே திரவம்தான் மருந்து. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் டெங்கு ஷாக்கோடு வந்த 383 பிள்ளைகளிடம் மூன்று வகைத் திரவங்களை ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. ஆய்வில் சேர்ந்த மொத்தப் பிள்ளைகளில் ஒருவரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். எந்தக் காய்ச்சல், எந்த ஷாக் என்று பிரித்தறியாமல் ‘ஷாக்கா, திரவம் ஏற்று’ என்ற ஒற்றை விதிதான் ஃபீஸ்டில் உடைந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் நெறியை அதற்கேற்பத் திருத்தியது 2016இல். ஷாக்கின் மூன்று அறிகுறிகளும் ஒருசேர இருந்தால் மட்டும் திரவம், அதுவும் குறைந்த அளவில், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு. ஓரிரு அறிகுறி மட்டும் இருந்தால் வேகமாக ஏற்ற வேண்டாம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் மாரடைப்புச் சிகிச்சையை ஒழுங்குபடுத்த நடந்த ஒரு முயற்சி, விளைவை எப்போது எண்ணுவது என்பதற்கு அருமையான எடுத்துக்காட்டு. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகிய இதய மருத்துவர்கள் முன்னின்ற திட்டம் இது. சிறிய மருத்துவமனைகளை, ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனையோடு ஆம்புலன்ஸ் வழியாகவும் இசிஜியை உடனே அனுப்பும் ஏற்பாட்டாலும் இணைத்தார்கள். சின்ன ஊரில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது வழிமுறை. 2,420 நோயாளிகளின் கணக்கு 2017இல் வெளியானது. திட்டத்துக்கு முன் 35 சதவீதம் பேருக்கு நடந்த ஆஞ்சியோகிராம் பின்னர் 60.8 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் மருத்துவமனையில் இறந்தவர்கள் முன்பு 5.8, பின்பு 5.6. வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடலாம். டிஸ்சார்ஜ் சீட்டோடு கணக்கை மூடியிருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண் என்றே தீர்ப்பாகியிருக்கும். ஓராண்டு கழித்து எண்ணினார்கள்: 17.6 சதவீதமாக இருந்த இறப்பு 14.2ஆகக் குறைந்திருந்தது.

இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. இது ‘முன்பு-பின்பு’ ஒப்பீடு. ஒரு திட்டம் வந்த காலத்தில் வேறு பலவும் கூடவே மாறுகின்றன: மருந்துகள், சாலைகள், காப்பீடு, ஜனங்களின் விழிப்பு. கேரளத்தில் 63 மருத்துவமனைகள், 21,374 மாரடைப்பு நோயாளிகள் என்ற பேரளவில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வு இந்தத் தயக்கத்துக்கு வலுவான ஆதாரம். சரிபார்ப்புப் பட்டியல், மாதாந்தரத் தணிக்கை போன்ற எளிய ஏற்பாடுகளை மருத்துவமனைகளுக்கு ஒரே நாளில் தராமல், எது முதலில் எது பின்னால் என்று குலுக்கிப் போட்டுப் படிப்படியாகத் தந்தார்கள். 30 நாளில் இறப்பு, மறு மாரடைப்பு முதலான கெட்ட முடிவுகள் ஏற்பாட்டுக்கு முன் 6.4 சதவீதம், பின் 5.3. சாதாரணக் கணக்கில் இது வெற்றி. ஆனால் குலுக்கல் வரிசை இருந்ததால் காலப்போக்கில் தானாகவே வந்த முன்னேற்றத்தைக் கழித்துப் பார்க்க முடிந்தது. கழித்த பிறகு ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை. அதை அப்படியே அச்சிட்ட அந்த மருத்துவர்களின் நேர்மைக்கு எந்த விருதும் தகும். தமிழ்நாட்டுத் திட்டமும் அதுபோலப் படிப்படியாகக் குலுக்கி அறிமுகப்படுத்தப்பட்டிருந்தால் அந்த 3.4 சதவீதத்தில் எவ்வளவு திட்டத்துக்குச் சேரும் என்று இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கலாம்.

மருத்துவமனை இறப்பு விகிதம் நம் நாட்டில் நம்பத்தகாத அளவுகோல் என்பதற்கு இன்னொரு காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்த அட்டவணையிலும் ஏறாது. ‘இனி எங்க கையில இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று சொல்லப்பட்டவர்கள், பணம் தீர்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர்கள், உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்ததால் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டவர்கள். இவர்கள் எல்லோரும் பதிவேட்டில் உயிரோடு வெளியேறியவர்களே. எவ்வளவு அதிகம் பேரை இப்படி அனுப்புகிறதோ அவ்வளவு நல்ல மருத்துவமனையாகக் கணக்கில் தெரியும். சாலை விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது, நல்ல திட்டம்தான். ஆனால் அதுபற்றி வரும் அறிவிப்புகளில் பயனடைந்தோர் எண்ணிக்கையும் செலவான தொகையுமே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. முப்பதாம் நாளில் அவர்களில் எத்தனை பேர் உயிரோடு, எத்தனை பேர் வேலைக்குத் திரும்பி?

அட்ரினலினைச் சோதித்த பிரிட்டன் ஆய்வின் 8,014 பேரில், 30ஆம் நாளில் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் போனவர்கள் ஏழே பேர். அது அந்த ஆய்வாளர்களின் தனித்திறமை மட்டுமல்ல; பொதுச் சுகாதாரப் பதிவும் இறப்புப் பதிவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நாட்டின் வசதி. நமக்கு அது எட்டாக் கனி என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் ஒரு வகை நோயாளியை மட்டும் அரசு மருத்துவமனை வாசலோடு விட்டுவிடுவதில்லை. கர்ப்பிணிக்குப் பதிவு எண் தரப்படுகிறது, அந்த எண் பிறப்புச் சான்றிதழ் வரை தொடர்கிறது, கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருகிறார். பிரசவமாகி 42 நாட்களுக்குள் தாய் இறந்தால், வீட்டில் இறந்தாலும் அது கணக்கில் ஏறும். ஏன் நடந்தது என்று மாவட்ட அளவில் விசாரணையும் நடக்கும். பல ஆண்டுகளாக இது நடந்துவருகிறது, இறப்பும் குறைந்திருக்கிறது. நெஞ்சுவலியோடு, தலைக்காயத்தோடு, கடும் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குள் நுழைபவருக்கு அதேபோல ஓர் எண் கொடுத்து, முப்பதாம் நாள் அந்த எண்ணுக்கு ஒரு போன் செய்ய ஆள் நியமிப்பதற்கு ஐ.சி.யூ. கட்டும் செலவில் ஒரு சிறு துளிகூட ஆகாது.